துணை நிற்பதும் துணை போவதும்

உதவி என்னும் கருத்தைக் குறிக்க ஆங்கிலத்தில் சொற்கள் பல உண்டு. அவற்றுள் நம் மக்களின் அன்றாடப் பேச்சிலும் வேரூன்றிவிட்ட ஒன்று 'அசிஸ்ட்' என்பதாகும். அலுவலகத்தில் 'அசிஸ்டென்ட்' இருக்கிறார். அறுவை அரங்கில் தலைமை மருத்துவருக்கு மற்றொருவர் 'அசிஸ்ட்' செய்கிறார். கால்பந்தாட்டத்தில் கோல் அடித்தவரின் பெயரோடு, அவருக்குப் பந்தைத் தந்தவரின் பெயரும் 'அசிஸ்ட்' என்ற குறிப்புடன் இடம் பெறுகிறது. பெரிய வேலையை ஒருவர் செய்ய, அவருக்குச் சிறு வேலைகளைச் செய்து கொடுப்பது என்ற அளவிலேயே இச்சொல்லை நாம் புரிந்து வைத்திருக்கிறோம். ஆயினும் அதன் பிறப்பை ஆராய்வோமானால், நம் விசுவாச வாழ்வுக்கும் நம் வீட்டு நோயாளியின் படுக்கைக்கும் மிக நெருக்கமான ஓர் உண்மை அதனுள் பொதிந்து கிடப்பதைக் காணலாம்.

ஆங்கிலத்தின் 'ஹெல்ப்' பழைய செர்மானிய வேரிலிருந்து வந்தது. 'ரிலீஃப்' என்பது மீண்டும் தூக்கிவிடுதலையும், 'சக்கர்' என்பது ஓடி வருதலையும் குறிக்கும் இலத்தீன் சொற்களிலிருந்து பிறந்தவை. 'அசிஸ்ட்' பதினைந்தாம் நூற்றாண்டில் பிரெஞ்சு மொழி வழியாக ஆங்கிலத்தில் நுழைந்தது. அதன் தாய்ச் சொல் 'அசிஸ்தெரே' என்னும் இலத்தீன் வினை. 'அத்' என்றால் அருகில். 'சிஸ்தெரே' என்றால் நிற்றல். ஆகவே 'அசிஸ்ட்' என்பதன் முதற்பொருள், அருகில் வந்து நிற்றல் என்பதாம். ஒரு செயலைச் செய்து கொடுத்தல் என்னும் பொருள் அதிலிருந்து கிளைத்ததே. கை நீள்வதற்கு முன் கால்கள் வந்து நிற்க வேண்டும் என்பதை இச்சொல் தன் வேரிலேயே வைத்திருக்கிறது.

இப்பழம்பொருளைத் திருச்சபை இன்றளவும் பாதுகாத்து வருகிறது. பழைய ஆங்கில ஞானோபதேச நூல்களில், திருப்பலி காண்பதைக் குறிக்க 'அசிஸ்ட்' என்ற சொல்லே வழங்கிற்று. 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, திருமணத்தில் குருவானவர் ஆற்றும் பணியையும் இதே சொல்லால்தான் குறிக்கிறது. நம் இலத்தீன் மரபில், திருமணம் என்னும் அருளடையாளத்தை ஒருவருக்கொருவர் வழங்கிக் கொள்பவர்கள் மணமக்களே. குருவானவர் அங்கு நேரில் நின்று, அவர்களது சம்மதத்தைக் கேட்டு, அதைத் திருச்சபையின் பெயரால் பெற்றுக் கொள்கிறார். இதுவே அவர் செய்யும் 'அசிஸ்ட்' எனச் சட்டம் 1108 வரையறுக்கிறது. அவர் அங்கே நிற்பதுதான் அவரது பணி.

தமிழில் இதற்கு நேரான சொல் எது? 'உதவி' என்றே மொழிபெயர்க்கிறோம். எனினும் வேர்ப்பொருளோடு பொருந்தி நிற்பது 'துணை' என்னும் சொல்லே. வழித்துணை, பேச்சுத்துணை, வாழ்க்கைத்துணை என்கிறோம். இருட்டில் கொல்லைப்புறம் செல்ல அஞ்சும் குழந்தை, "துணைக்கு வாயேன், அம்மா" என்றழைக்கிறது. தாய் அங்கே எந்த வேலையும் செய்து தர வேண்டியதில்லை. உடன் வந்து நின்றாலே போதும். திருமண அழைப்பிதழின் தலைப்பில் 'இயேசு மரி சூசை துணை' என்று நம் முன்னோர் அச்சிட்டதும் இப்பொருளில்தான் அன்றோ?

விவிலியமும் இச்சொல்லையே கையாள்கிறது. மனிதன் தனியாயிருப்பது நன்றன்று எனக் கண்ட இறைவன், அவனுக்குத் தகுந்த துணையை உருவாக்கியதாகத் தொடக்கநூல் கூறுகிறது. தம் சீடரை விட்டுப் பிரியுமுன் இயேசு வாக்களித்த தூய ஆவியாரைத் துணையாளர் என்று யோவான் நற்செய்தியின் தமிழாக்கம் அழைக்கிறது. மூலக் கிரேக்கச் சொல்லுக்கு, அருகில் அழைக்கப்பட்டவர் என்பது பொருள். அதே நற்செய்தியில், சிலுவையருகே அன்னை மரியா நின்றுகொண்டிருந்தார் என வாசிக்கிறோம். ஆணியைப் பிடுங்க அவரால் இயலவில்லை. தாகம் தீர்க்கவும் இயலவில்லை. ஆயினும் அவர் அங்கிருந்து அகலவில்லை. செய்வதற்கு ஒன்றுமில்லாத இடத்திலும் நிற்க முடியும் என்பதை அவர் காட்டினார்.

இங்கே ஒரு வினா எழலாம். வெறுமனே நின்றால் போதுமா? வேடிக்கை பார்ப்பவனும் அருகில்தானே நிற்கிறான்? நியாயமான வினாவே. பிரெஞ்சு மொழியில் விபத்தைக் கண்ணால் கண்டவனுக்கும், விபத்தில் சிக்கியவனுக்கு உதவியவனுக்கும் ஒரே வினைச்சொல்தான். எனவேதான் அந்நாட்டுத் தண்டனைச் சட்டத்தின் 223-6-ஆம் பிரிவு, தமக்கோ பிறருக்கோ இடரின்றி உதவக் கூடியவர் வேண்டுமென்றே உதவாமற் போனால் அதைக் குற்றமாகக் கருதுகிறது. 1997 ஆகஸ்ட் 31 அன்று பாரிஸ் நகரச் சுரங்கச் சாலையில் இளவரசி டயானா சென்ற கார் நொறுங்கியபோது, பின்தொடர்ந்து வந்த புகைப்படக்காரர்கள் மீது இக்குற்றத்திற்காகவும் விசாரணை நடந்தது. 1999-இல் அவ்வழக்கு தள்ளுபடியாயிற்று. அவர்கள் குற்றவாளிகளா என்பதன்று நம் கேள்வி. நிற்பவர் எல்லாம் துணை நிற்பவர் அல்லர் என்பதை அச்சட்டம் நினைவூட்டுகிறது. உணவின்றி இருப்பவனை வாழ்த்தி மட்டும் அனுப்பிவிடும் விசுவாசத்தைத் தூய யாக்கோபு கடிந்துரைத்ததும் இதற்காகவே. திருப்பலியில்கூட மக்கள் ஊமைப் பார்வையாளராய் இருத்தலாகாது என இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் வழிபாடு பற்றிய கொள்கை விளக்கத்தில் வலியுறுத்திற்று.

ஆயினும் நம் காலத்தின் பெரிய ஆபத்து செயலின்றி நிற்பது மட்டுமன்று. நிற்காமலேயே செயலை முடித்துவிட விரும்புவதும் ஆகும். 'அசிஸ்ட்' என்னும் இச்சொல் இன்று உலகெங்கும் எத்தகைய விவாதத்தில் அடிபடுகிறது என்று பாருங்கள். நோயுற்றவர் தம் உயிரை முடித்துக்கொள்ள மருத்துவர் வழி செய்து தருவதற்கு இப்பெயரே வழங்குகிறது. அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் 1994-இல் மக்கள் வாக்கெடுப்பில் ஏற்கப்பட்ட சட்டம் 1997-இல் நடைமுறைக்கு வந்தது. கனடாவில் 2016-இல் இயற்றப்பட்ட சட்டத்தின் பெயரிலேயே இச்சொல் இடம்பெற்றுள்ளது. 2021-இல் அச்சட்டம், மரணத்தை நெருங்காத, ஆனால் தீராத நோயாளர்க்கும் விரிவாக்கப்பட்டது. அருகில் நிற்றல் என்று பிறந்த சொல், அருகிலிருப்பவரை அனுப்பி வைத்தல் என்று மாறிவிட்டது.

இதைக் கேட்போரை எளிதில் பழித்துவிடக் கூடாது. புற்றுநோயின் வலியைக் கண்டவர் எவரும் அவ்வாறு பழிக்கத் துணியார். நம் திருச்சபையும் எவ்விலை கொடுத்தேனும் மூச்சை நீட்டித்தே ஆக வேண்டும் என்று போதிக்கவில்லை. வலியைத் தணிக்கும் நோக்குடன் தரப்படும் மருந்து, விரும்பப்படாத விளைவாக ஆயுளைக் குறைக்கக் கூடுமெனினும், வேறு வழியில்லாதபோது அதைத் தரலாம் எனத் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1957-இலேயே மருத்துவர்க்கு விளக்கினார். பயனுக்கு மிஞ்சிய சுமையான சிகிச்சையை நிறுத்துவது முறையாகலாம் என மறைக்கல்வி ஏடும் கூறுகிறது. சாவு வரும்போது அதை ஏற்றுக்கொள்வது வேறு. சாவை வருவிப்பது வேறு.

இவ்வேறுபாட்டை நம் மொழி அழகாக உணர்த்துகிறது. 'துணை நிற்றல்' என்றால் நன்மை. 'துணை போதல்' என்றாலோ, தவற்றுக்கு உடன்படுதல் என்பதே வழக்கு. துன்புறுபவனோடு நிற்கிறோம், அவனது நம்பிக்கையின்மையோடு போய்விடுவதில்லை. "நான் இருந்து என்ன பயன்?" என்று கேட்பவரிடம், "ஆம், பயனில்லை" என்று சொல்லி மருந்தைக் கொடுப்பது துணை போதல். "எங்களுக்கு நீங்கள் வேண்டும்" என்று சொல்லி அருகில் அமர்வது துணை நிற்றல்.

இது வெறும் சொல்லன்று என்பதை மெய்ப்பித்தவர் சிசிலி சாண்டர்ஸ் அம்மையார். செவிலியராகவும், மருத்துவமனைச் சமூகப் பணியாளராகவும், பின்னர் மருத்துவராகவும் பணியாற்றிய இவர், 1967-இல் இலண்டனில் தூய கிறிஸ்டோபர் இல்லத்தைத் திறந்தார். கெத்சமனியில் தம்மோடு விழித்திருக்குமாறு ஆண்டவர் சீடரிடம் கேட்டதையே தம் பணியின் அடித்தளமாக அவர் கொண்டார். ஆனால் விழித்திருந்ததோடு நின்றுவிடவில்லை. வலி திரும்பி வருமுன்பே, குறித்த நேரங்களில் மார்ஃபின் மருந்து கொடுக்கும் முறையை நிலைநாட்டினார். உடல்வலியோடு மனவலியும், குடும்பக் கவலையும், ஆன்மாவின் வேதனையும் கலந்திருக்கின்றன என்று போதித்தார். நிற்றலும் செய்தலும் அங்கே ஒன்றாயின.

இவையெல்லாம் மேனாட்டுச் செய்திகள் எனத் தள்ளிவிடலாகாது. ஆரிகன் மாநிலத்தின் ஆண்டறிக்கைகளைப் பார்த்தால், சாவைத் தேடியவர்கள் கூறிய காரணங்களில் வலியைவிட மிகுதியாகக் காணப்படுவது தன்னுரிமையும் மாண்பும் இழந்துவிட்டோம் என்ற எண்ணமே. குடும்பத்துக்குச் சுமையாகிறோம் என்ற அச்சமும் அவற்றுள் ஒன்று. இந்த அச்சம் நம் வீடுகளில் இல்லையா? நோயில் பூசுதல் வழங்கச் செல்லும் இல்லங்களில் நாம் காண்பது என்ன? கட்டில் இருக்கிறது, மருந்து இருக்கிறது, மாதந்தோறும் வெளிநாட்டிலிருந்து பணமும் வருகிறது. முதியவரின் கண்களோ வாசலையே நோக்கியிருக்கின்றன. உழைக்கச் சென்ற பிள்ளைகளைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் தெருவில் இருக்கும் நாம் எங்கே போனோம்?

1833-இல் பாரிஸ் நகரில் இருபது வயது ஓசானாமும் அவர்தம் நண்பர்களும் தொடங்கிய வின்சென்ட் தே பவுல் சபை நம் பங்குகள் பலவற்றில் உண்டு. ஏழைகளை அவர்தம் இல்லத்திற்கே நேரில் சென்று சந்திப்பதைத்தான் அவர்கள் தம் முதற்பணியாகக் கொண்டார்கள். இன்று அரிசியும் உதவித்தொகையும் கோவில் வளாகத்திலேயே பெயர் வாசித்து வழங்கப்படுவது எளிதாகிவிட்டது. பொருள் போய்ச் சேருகிறது. ஆள் போய்ச் சேரவில்லை. அன்பியத்தில் ஒவ்வொரு குடும்பமும் படுக்கையிலிருக்கும் ஒருவரைத் தெரிந்துகொண்டு, வாரம் ஒரு மணி நேரம் அவரருகில் அமர்ந்தால் என்ன? செபமாலை சொல்லலாம், செய்தித்தாள் வாசித்துக் காட்டலாம், கால் பிடித்துவிடலாம், அல்லது பேசாமலே இருக்கலாம்.

தம் வாழ்வுக்கு இனி மதிப்பில்லை என்று எண்ணும் ஒருவருக்கு, அப்படியில்லை என்று சொல்ல மறையுரை மட்டும் போதாது. ஒருவர் தம் வேலையை விட்டுவிட்டு வந்து அருகில் அமர்ந்திருப்பதே அவர் நம்பக்கூடிய விடை. நம் கையில் கொடுப்பதற்கு ஏதுமில்லாத நாளிலும், போய் நிற்பதற்குக் கால்களை இறைவன் நமக்குத் தந்திருக்கிறார்.