மூலன் உடம்பில் யார்?

1 முதல் 21 வரையிலான எண்களை வரிசையாகப் பெருக்கச் சொல்லி பைத்தான் மொழியில் நாலு வரி நிரல் எழுதினால் 51090942171709440000 என்ற சரியான விடை வரும். அந்த நாலு வரியில் ஓர் எழுத்தையும் மாற்றாமல், தலையில் நம்பா என்ற கருவியின் பெயரை மட்டும் ஒட்டி ஓட்டினால், வழக்கமான 64 பிட் கணினியில் −4249290049419214848 வருகிறது. பெருக்கியதெல்லாம் நேர் எண்கள், விடையோ எதிர் எண். எச்சரிக்கையும் கிடையாது, பிழைச் செய்தியும் கிடையாது.

காரணம் எளிது. பைத்தானின் முழு எண் தேவைக்கேற்ப நீண்டுகொண்டே போகும். நம்பா அதை 64 பிட் இடத்துக்குள் அடக்கிவிடுகிறது. 20 வரை பெருக்கியது அதற்குள் கொள்ளும்; 21-ஐயும் சேர்த்தால் வழிந்துவிடும்.

இப்படி அடக்குவது வேகத்துக்காக. பைத்தான் ஒவ்வொரு கூட்டலின்போதும் இது என்ன வகை எண் என்று புதிதாக விசாரிக்கும். கோடிக்கணக்கான முறை சுழலும் அறிவியல் கணக்கில் அந்த விசாரணையே பெரும் செலவு. 2012-இல் வெளிவந்த நம்பா, வகையை முதலிலேயே தீர்மானித்து நிரலை இயந்திர மொழிக்கு மாற்றிவிடுகிறது. சைத்தான் என்ற இன்னொரு கருவி நிரலை சி மொழிக்கு மாற்றுகிறது. சுழற்சி மிகுந்த கணக்குகளில் நூறு மடங்கு வேகம்கூடக் கிடைக்கும். இதற்கெல்லாம் முன்னோடி, ஜான் பேக்கஸ் குழு 1957-இல் ஐபிஎம்மில் முடித்த ஃபோர்ட்ரான் மொழியின் கம்பைலர், அதாவது நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கருவி. கையால் எழுதிய இயந்திர நிரலின் வேகம் இதற்கு வருமா என்றுதான் அன்றைய நிரலாளர்கள் சந்தேகப்பட்டார்கள். வேகம் வந்தது. ஆனால் மாறி வந்திருப்பது பழைய நிரல்தானா?

பெரிய புராணத்தில் ஒரு கதை உண்டு. சாத்தனூரில் மாடு மேய்த்த மூலன் இறந்துகிடக்க, சுற்றி நின்று கதறிய பசுக்களின் துயரம் பொறுக்காமல் யோகி ஒருவர் அவ்வுடலுக்குள் புகுந்தார். பசுக்கள் மகிழ்ந்து மேயத் தொடங்கின. மூலனின் மனைவியிடமோ, தனக்கு அவளோடு உறவில்லை என்று சொல்லி விலகி நின்றார். பசுக்களுக்கு வந்தவர் மூலன்தான், மனைவிக்கு அப்படியில்லை. மேலே சொன்ன நாலு வரியும் அப்படித்தான்: உடம்பு அதே, உள்ளே வேறொருவர். 20 வரை பெருக்கிப் பார்ப்பவருக்கு அது தெரியவே தெரியாது.

அப்படியானால் மெதுவான பழைய நிரல்தான் உண்மை, வேகமானது போலி என்று சொல்லிவிடலாமா? முடியாது. ஒன்றுக்குப் பின் 16 பூஜ்ஜியம் கொண்ட எண்ணோடு 1 கூட்டி, அதே பெரிய எண்ணைக் கழித்தால் 1 மிஞ்ச வேண்டும். கணினி பின்ன எண்களைக் கையாளும் 64 பிட் மிதவைப்புள்ளிக் கணக்கில் மிஞ்சுவது 0. முதலில் கழித்துவிட்டுப் பிறகு கூட்டினால் 1. வில்லியம் கஹான் முன்னின்று உருவாக்கிய 1985-ஆம் ஆண்டின் ஐஇஇஇ 754 தரம் ஒவ்வொரு கூட்டலும் எப்படி நடக்க வேண்டும் என்று வரையறுத்தது. எதை முதலில் கூட்டுவது என்பது நிரலின் பொறுப்பு. வேகத்துக்காக வரிசையை மாற்ற அனுமதி பெற்ற கம்பைலர், சில சமயம் அசலைவிடச் சரியான விடையைத் தந்துவிடக்கூடும்! உண்மையில் தாளில் இருக்கும் சமன்பாட்டுக்கு முன் பைத்தான் நிரலும் ஒரு பெயர்ப்புதான். அசல் என்று தனி மரியாதை கேட்க அதற்கு உரிமையில்லை.

சின்ன வேறுபாடுதானே என்று தள்ளவும் வழியில்லை. 1961-இல் எம்ஐடியில் எட்வர்ட் லோரன்ஸ் தம் வானிலைக் கணக்கை மறுபடி ஓட்டியபோது 0.506127 என்பதற்குப் பதில் 0.506 என்று கொடுத்தார். போகப் போக வேறொரு வானிலையே வந்துவிட்டது. அதனால்தான் அமெரிக்காவின் கொலராடோ மாநிலம் போல்டரில் உள்ள தேசிய வளிமண்டல ஆய்வு மையத்தினர், தங்கள் பருவநிலை மாதிரியைப் புதிய கணினிக்கோ கம்பைலருக்கோ மாற்றும்போது இலக்கத்துக்கு இலக்கம் ஒத்துப்போக வேண்டும் என்று அடம்பிடிப்பதில்லை. தொடக்க வெப்பநிலையை மிக நுண்ணிய அளவில் அசைத்து அசைத்துப் பலமுறை ஓட்டுகிறார்கள். புதிய விடை அந்தப் பரவலுக்குள் விழுந்தால் அது அதே பருவநிலை. 2015-இல் வெளியான முறை இது. சமரசம் என்று சிலர் ஏளனம் செய்யலாம். ஆனால் எது வரைக்கும் ஒன்று, எதற்குமேல் வேறு என்பதை வாய்விட்டுச் சொல்லும் நேர்மை இதில் இருக்கிறது.

சைவ சித்தாந்தம் அறியும் வழிகளைக் காட்சி, கருதல் (அனுமானம்), உரை என்று மூன்றாகச் சுருக்கும். பெரும்பாலான விஞ்ஞானிகள் கம்பைலரை ஏற்பது உரையால், அதாவது நம்பத்தக்கவர் சொல்லால். 2011-இல் யூட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தானாக உருவாக்கிய நிரல்களைக் கொடுத்துச் சோதித்ததில் சி கம்பைலர்களில் 325-க்கும் மேற்பட்ட பிழைகள் சிக்கின. சோதித்த கம்பைலர்களில் சேவியர் லெராய் குழுவின் காம்ப்செர்ட் மட்டும் கணித நிரூபணத்தோடு எழுதப்பட்டது; நிரூபித்த நடுப்பகுதியில் ஒரு தவறான பெயர்ப்பும் அகப்படவில்லை. இது கருதலின் வெற்றி. ஆனால் அந்த நிரூபணமும் சி நிரலின் பொருள் மாறவில்லை என்றுதான் சொல்கிறது. அந்த நிரல் சமன்பாட்டுக்கு உண்மையாக இருந்ததா என்பது அதன் எல்லைக்கு வெளியே.

ஆகவே, வேகமான நிரலின் விடையை ஆய்வேட்டில் போடுகிறவர்கள், எத்தனை இலக்கம் வரை ஒத்துப்போனால் போதும் என்று முடிவு செய்தார்கள், அது ஏன் போதும் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். புதியது ஓடத் தொடங்கிவிட்டது என்பதற்காக மெதுவான பழைய நிரலை அழித்துவிடவும் வேண்டாம்.