ஈகையா, ஒப்புரவா?

‘ஓய்வு’ என்ற சொல் நம் காலத்தில் ஒரு சட்டச் சொல்லாகிவிட்டது. அறுபது வயது நிறைந்ததும் அரசாங்கம் ஆசிரியரிடமிருந்து வகுப்பறையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறது. பதிலுக்கு ஓய்வூதியத்தைத் தருகிறது. அத்துடன் கணக்கு நேராகிவிட்டது என்பது அலுவலகத்தின் கருத்து. ஆனால் முப்பது ஆண்டுகளாக வகுப்பறையில் வளர்ந்த உறவொன்று உண்டு. அதனை எந்தச் சுற்றறிக்கையும் தொடங்கி வைக்கவில்லை. எந்தச் சுற்றறிக்கையாலும் முடித்து வைக்கவும் இயலாது. பணியிலிருந்து ஓய்வு பெற்றவர் பொறுப்பிலிருந்தும் ஓய்வு பெற்றவராவாரா? இக்கேள்வியை ஊவா மாகாணத்து மண்ணில் நின்று ஆராய்வதே நம் நோக்கம்.

பதுளையிலும் பண்டாரவளையிலும் பசறையிலும் ஓய்வு பெற்ற அதிபர்கள், ஆசிரியர்கள், கல்லூரி எழுதுவினைஞர்கள், நூலகர்கள் பலர் வாழ்கின்றனர். காலையில் பத்திரிகை, மாலையில் கோயில் அல்லது தேவாலயம், இடையிடையே கலியாண வீடும் மரண வீடும் என அவர்களது நாட்கள் செல்கின்றன. பிள்ளைகள் கொழும்பிலோ கடல் கடந்தோ இருப்பதனால், பழைய சகாக்களே பலருக்கு உறவினர். ஒருவர் நோயுற்றால் மற்றவர் மருத்துவமனை வாசலில் நிற்கிறார். இக்கூட்டுறவின் ஒரு பகுதியாகவே மாணவர்க்கு உதவும் வழக்கமும் வளர்ந்துள்ளது. ஆண்டுத் தொடக்கத்தில் கொப்பியும் சப்பாத்தும். உயர்தர வகுப்பு மாணவிக்குப் பஸ் கட்டணம். வீட்டு விறாந்தையில் கட்டணமில்லாக் கணித வகுப்பு. இவை நல்லவை, இவற்றைச் செய்வோர் போற்றத்தக்கவர். ஆயினும், இச்செயலுக்கு நாம் இடும் பெயர் யாது? பெயர் எதுவாயின் என்ன, பிள்ளைக்குக் கொப்பி கிடைத்தால் போதாதா எனச் சிலர் வினவலாம். போதாது என்பதே நம் விடை. ஏனெனில், பெயர் முறையைத் தீர்மானிக்கிறது. கொடுப்பவர் எங்கே நிற்கிறார், பெறுபவர் எங்கே நிற்கிறார் என்பதையும் அதுவே தீர்மானிக்கிறது.

வள்ளுவர் இவ்விடத்து நமக்கு ஒரு நுட்பமான வேறுபாட்டைக் கற்பிக்கிறார். திருக்குறளின் இருபத்திரண்டாம் அதிகாரம் ஒப்புரவறிதல். அதனை அடுத்த இருபத்து மூன்றாம் அதிகாரம் ஈகை. இரண்டும் ஒன்றேயாயின் இரண்டு அதிகாரங்கள் எதற்கு? ஈகை, இல்லாதவர்க்கு உள்ளவர் கொடுப்பது. ஒப்புரவோ உலக நடையை அறிந்து ஒழுகுவது எனப் பரிமேலழகர் விளக்குவார். ஒப்புரவுக்கு வள்ளுவர் எடுத்தாளும் உவமைகளை நோக்குக: மழை, நீர் நிறைந்த ஊருணி, ஊர் நடுவே பழுத்த மரம், எல்லா உறுப்பும் மருந்தாகும் மரம். ஊருணியில் குடம் நிறைப்பவள் ஊருணியை வணங்கி நிற்பதில்லை. அது ஊரின் நீர், அவள் ஊரவள். மழைக்கு எவரும் நன்றியுரை நிகழ்த்துவதில்லை. ஈகையில் கை மேலும் கீழுமாக இருக்கிறது. ஒப்புரவில் கைகள் ஒரே மட்டத்தில் இருக்கின்றன. அச்சொல்லுக்குள் ‘ஒப்பு’ இருப்பதை நாம் மறத்தல் கூடாது.

மலையகத்து மாணவர்க்கு ஓய்வு பெற்ற ஆசிரியர் செய்வது ஈகையா, ஒப்புரவா? இதற்கு விடை காண வேண்டுமாயின், அவ்வோய்வூதியம் எங்கிருந்து வருகிறது என்பதைச் சற்றே வரலாற்று நோக்கில் காண வேண்டும்.

ஊவாவின் காடுகள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களாயின. கோப்பி நோய் கண்டு அழிந்தபின் தேயிலை மலைகளாயின. 1924 ஆம் ஆண்டு புகையிரதம் பதுளையை அடைந்தது. அது மலையின் அழகைக் காட்டுவதற்கு அமைந்த பாதையன்று. தேயிலைப் பெட்டிகளைத் துறைமுகத்திற்குக் கொண்டு செல்வதற்கே அப்பாதை மலையேறியது. சுதந்திரத்தை அடுத்த காலத்தில் நாட்டின் ஏற்றுமதி வருவாயில் பாதிக்கு மேல் தேயிலையே ஈட்டியது. இலவசக் கல்வி, இலவச மருத்துவம் என நாம் பெருமை பேசும் நலத்திட்டங்களுக்கு அவ்வருவாய் பெருந்துணையாயிற்று. நமுனுகுலையிலும் மடுல்சீமையிலும் அட்டை கடிக்கக் கொழுந்து பறித்த தாய்மாரின் விரல்கள் கல்விச் செலவைச் சுமந்தன என்றால் அது மிகையன்று.

அத்தாய்மாரின் பிள்ளைகள் பெற்றது என்ன? 1920 ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் தோட்டப் பிள்ளைகளுக்குப் பள்ளி அமைக்கும் பொறுப்பைத் தோட்ட நிர்வாகத்தின் மீது சுமத்தியது. ஓர் அறை, ஓர் ஆசிரியர், சில வகுப்புகள் என்பதே பெரும்பாலும் அப்பள்ளிகளின் இலக்கணம். 1945 இல் கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி வந்தபோது தோட்டப் பள்ளிகள் அதன் வேலிக்கு வெளியே விடப்பட்டன. 1948 இல் குடியுரிமைச் சட்டம் அம்மக்களை நாடற்றவராக்கியது. 1960, 1961 ஆம் ஆண்டுகளில் உதவி பெறும் பாடசாலைகளை அரசு ஏற்றபோதும் தோட்டப் பள்ளிகள் ஏற்கப்படவில்லை. தோட்டங்கள் தேசியமயமாக்கப்பட்டபின், 1970களிலேதான் அப்பள்ளிகள் படிப்படியாக அரசின் கைக்கு வரத் தொடங்கின. ஏறத்தாழ ஒரு தலைமுறைக் காலம், கல்விக்குப் பொருள் ஈட்டியவரின் பிள்ளைகளே கல்வியின் வாசலில் நிறுத்தப்பட்டனர். ஊருணியை வெட்டியவனுக்கே நீர் மறுக்கப்பட்ட கதை இது.

இன்னொரு கணக்கையும் பார்ப்போம். அரசாங்க ஆசிரியரின் ஓய்வூதியம் பொது வருவாயிலிருந்து ஆயுள் உள்ளவரை மாதந்தோறும் வருகிறது. தோட்டத் தொழிலாளிக்கோ 1958 ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழிவந்த ஊழியர் சேமலாப நிதி ஒரு முறை கிடைக்கிறது. மகளின் கலியாணத்திலோ பழைய கடனிலோ அது கரைந்து போகிறது. மாதம் பிறந்தால் அவளுக்கு ஒன்றும் இல்லை. அவளது நாட்சம்பளம் 2021 இல் ஆயிரம் ரூபாயாவதற்கே ஆண்டுக்கணக்கான போராட்டம் தேவைப்பட்டது. அவளும் உழைத்தாள், ஆசிரியரும் உழைத்தார். ஒருவருக்கு முதுமை பாதுகாப்பாகவும் மற்றவருக்கு முதுமை அச்சமாகவும் அமைந்தது இயற்கையின் செயலன்று. அது சமுதாயத்தின் ஏற்பாடு.

ஆகவே, அவளது பேரப்பிள்ளைக்கு ஓய்வு பெற்ற ஆசிரியர் தம் ஓய்வூதியத்தில் ஒரு பங்கைச் செலவிடும்போது, அவர் தம் பொருளைத் தானம் செய்யவில்லை. பொதுக் கடனில் ஒரு சிறு தவணையைத் திருப்பிச் செலுத்துகிறார் என்பதே நம் கருத்து.

இதற்கு மறுப்பு உண்டு; அது இலேசான மறுப்பும் அன்று. “நானும் வறுமையில் படித்தவன். மண்ணெண்ணெய் விளக்கின் கீழிருந்து எழுந்தவன். கஷ்டப் பிரதேசத்தில் ஆண்டுக்கணக்காகக் கற்பித்தேன். என் ஓய்வூதியம் என் உழைப்பின் பயன். நான் யாருக்குக் கடன்பட்டேன்?” என்று ஓர் ஆசிரியர் கேட்டால், அவரது உழைப்பை நாம் மறுக்க முடியாது. அவர் குற்றவாளியும் அல்லர். ஆனால் கடன் என்பது குற்றத்தினால் மட்டும் நேர்வதன்று. பெற்றோர்க்கு நாம் பட்ட கடன் எக்குற்றத்தினால் வந்தது? பிறர் உழைப்பின் மேல் நம் வாழ்வு நிற்கிறது என்பதை அறிந்த கணமே கடன் பிறந்துவிடுகிறது. அப்படியாயின் நாடு முழுவதுமே கடன்பட்டதாயிற்றே, ஆசிரியர் மட்டும் ஏன் செலுத்த வேண்டும்? உண்மை; நாடு முழுவதும் செலுத்த வேண்டும். ஆயினும் கொழும்பின் வணிகனுக்கு அப்பிள்ளை ஒரு புள்ளிவிவரம்; ஆசிரியர் அப்பிள்ளையின் பெயரை அறிவார், அவள் எந்த லயத்திலிருந்து எத்தனை மைல் நடந்து வருகிறாள் என்பதை அறிவார். அறிந்தவருக்கே பொறுப்பு முதலில் வருகிறது.

இம்மண்ணில் பிறந்த தெளிவத்தை ஜோசப் இதற்கு ஓர் அடையாளம். ஊவாக்கட்டவளைத் தோட்டத்தில் 1934 இல் பிறந்த அவர் தெளிவத்தைத் தோட்டத்தில் சில காலம் ஆசிரியராக இருந்தார். பின்னர் தொழில் மாறிக் கொழும்பு சென்றார். ஆனால் அத்தோட்டத்தின் பெயர் 2022 இல் அவர் மறையும்வரை அவர் பெயரின் முன் நின்றது. மலையக மக்களின் வாழ்வே அவர் எழுத்தாயிற்று. பதவி சில ஆண்டுகளில் முடிந்தது. உறவு வாழ்நாள் முழுவதும் நீடித்தது.

ஒப்புரவு என்று ஏற்றுக்கொண்டால் உதவும் முறையும் மாற வேண்டும்.

முதலாவது, மேடை இறங்க வேண்டும். ஒரு பொதிக் கொப்பியைக் கொடுப்பதற்கு மாலை, பொன்னாடை, படப்பிடிப்பு, இறுதியில் பெற்ற பிள்ளையின் நன்றியுரை என நடைபெறும் விழாக்களை நாம் கண்டிருக்கிறோம். பதினான்கு வயதுச் சிறுமி ஊரறியத் தன் வறுமையை உரைக்க வேண்டியிருக்கிறது. நன்றியறிதல் பெறுபவரின் அறம். அதனைக் கேட்டு வாங்கும் உரிமை கொடுப்பவருக்கு இல்லை. இரவச்சத்திற்கென ஓர் அதிகாரமே வகுத்த புலவரின் மொழியில் கல்வி கற்பிக்கும் நாம், பிள்ளைகளுக்கு இரத்தலைப் பயிற்றுவித்தல் தகுமா?

இரண்டாவது, யாருக்கு உதவுவது என்ற கேள்வி. நம் மனம் இயல்பாகவே கெட்டிக்கார மாணவனை நாடுகிறது. அவன் பல்கலைக்கழகம் புகுவான், கல்லூரிக்குப் பெயர் வரும், நமக்கும் மகிழ்ச்சி. ஆனால் ஒன்பதாம் வகுப்போடு நின்று, நகரத்துக் கடையிலோ கொழும்பு வீடொன்றின் சமையலறையிலோ மறைந்துவிடும் பிள்ளையை யார் தேடுவது? பதினாறு வயதுவரை கல்வி கட்டாயம் என 2016 முதல் விதி இருக்கிறது. விதி லயத்துக் கதவைத் தட்டுவதில்லை. பல்கலைக்கழக அனுமதியில் பதுளை பின்தங்கிய மாவட்டங்களுள் ஒன்று. அதனால் சலுகையும் உண்டு. ஆனால் அச்சலுகை மாவட்டத்திற்கு உரியது. நகரத்துப் பிள்ளையும் தோட்டத்துப் பிள்ளையும் அதில் ஒரே வரிசையில் நிற்கின்றனர். 1981 இல் தோன்றிய மகாபொல புலமைப்பரிசிலும் பல்கலைக்கழகம் புகுந்த பின்னரே கை கொடுக்கிறது. சாதாரண தரத்திற்கும் உயர்தரத்திற்கும் இடையிலுள்ள பள்ளத்தில் விழுபவருக்கு அது எட்டாது. ஒப்புரவின் பணி அப்பள்ளத்தில்தான் இருக்கிறது. வெற்றி பெறுவான் என்பதற்காக உதவினால் அது முதலீடு. அவனது உரிமை என்பதற்காக உதவினால் அதுவே கடனடைப்பு.

மூன்றாவது, பணத்தினும் பெரிய செல்வம் ஓய்வு பெற்றவரிடம் உண்டு: காலமும் அனுபவமும். பிறப்புச் சான்றிதழில் ஓர் எழுத்துப் பிழையால் அடையாள அட்டை பெற முடியாத பிள்ளையோடு செயலகம் வரை நடந்து செல்ல ஓய்வு பெற்ற எழுதுவினைஞர் ஒருவரால் முடியும். எந்தப் பாடத்தைத் தெரிந்தால் எந்தக் கதவு திறக்கும் எனப் பெற்றோர்க்கு விளக்க ஓர் அதிபரால் முடியும். நூலகர் ஒருவர் தம் வீட்டு முன்னறையை வாசிப்பறையாக்கலாம். லயத்து அறையில் மேசை இல்லை, அமைதியும் இல்லை. பரீட்சைக்கு முந்திய மூன்று மாதங்களில் ஒரு மேசையும் ஒரு விளக்கும் ஒரு பிள்ளையின் விதியை மாற்றக் கூடியவை.

இங்கே தமிழ்நாட்டின் பாலம் கலியாணசுந்தரம் நினைவுக்கு வருகிறார். ஸ்ரீவைகுண்டம் குமரகுருபரர் கல்லூரியில் நூலகராகப் பணியாற்றிய அவர், தம் சம்பளத்தையும் ஓய்வுக்காலப் பணத்தையும் ஏழைகளுக்கு அளித்து, தம் தேவைக்கு உணவுவிடுதியில் வேலை செய்தவர். 2023 இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. அத்தகையோர் முன் நாம் தலை வணங்குகிறோம். ஆனால் ஒரு சமுதாயம் அரிய மனிதரை நம்பி நிற்க முடியாது. ஒருவர் யாவற்றையும் கொடுப்பது வியப்புக்குரியது. நூறு பேர் தமக்குரிய பங்கைக் கொடுப்பதோ வழக்கமாகக்கூடியது. வியப்பு நம்மைக் கைதட்ட வைத்து வீட்டுக்கு அனுப்பிவிடும். வழக்கமே மலையேறி லயத்துக்குச் செல்லும்.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. தனியார் உதவி அரசின் கடமையை மறைக்கும் திரையாகிவிடக் கூடாது. விஞ்ஞான ஆசிரியர் இல்லாத பள்ளிக்கு ஓய்வு பெற்றவர் சென்று இலவசமாகக் கற்பித்தால், வெற்றிடம் நிரம்பிவிட்டது எனக் கோப்பை மூடிவிடுவோர் உண்டு. 2014 ஒக்டோபர் 29 ஆம் நாள் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிந்து லயங்கள் புதையுண்டபோது நாடெங்குமிருந்து அரிசியும் ஆடையும் குவிந்தன. அவ்விரக்கம் உண்மையானது. எனினும் ஆபத்தான சரிவில் லயத்தை இருக்க விட்டது யார் என்ற கேள்விக்கு அரிசி விடையாகாது. கற்பித்துக்கொண்டே ஆசிரியரைக் கேட்க வேண்டும். கொப்பி கொடுத்துக்கொண்டே நூலகத்தைக் கேட்க வேண்டும். இதில் ஓய்வு பெற்றவர்க்கு நம்மினும் ஒரு வலிமை உண்டு: அவர்களை இடமாற்றம் செய்ய முடியாது. பணியிலிருக்கும் நாம் வாய் திறக்குமுன் பலமுறை யோசிக்கிறோம். அவர்களது வெள்ளைத் தலைக்கு ஊரில் மதிப்பும் உண்டு, அலுவலகங்களில் பழைய மாணவரும் உண்டு. அம்மதிப்பை மேடை நாற்காலிக்கு மட்டும் செலவிடுவது வீண்.

முதியவர் தனிமையில் வாடுகிறார். இளையவர் வழிகாட்டலின்றி வாடுகிறார். கணிதம் கேட்க வரும் பிள்ளை திரும்பும்போது மருந்துச் சீட்டைக் கொண்டு செல்கிறாள். அவளுக்கும் கொடுப்பதற்கு ஒன்று இருக்கிறது. கொடுப்பவர் பெறுபவராகவும் பெறுபவர் கொடுப்பவராகவும் மாறும் இந்நிலையே ஒப்புரவு. இன்று வகுப்பறையில் நிற்கும் நாமும் ஒரு நாள் அவ்வோய்வூதியத்தில் கையொப்பமிடுவோம். அன்று அக்காகிதத்தின் பின்புறத்தில், கொழுந்துக்கூடை சுமந்த ஒருத்தியின் கணக்கும் எழுதப்பட்டிருக்கிறது என்பதை வாசிக்கத் தெரிந்தவர்களாக இருப்போமாக. அக்கணக்கு தீரும்வரை ஆசிரியனுக்கு ஓய்வில்லை.