மறைந்தோர்க்கு நாம் பட்ட கடன்

இறந்துபோன மனிதர்களைக் கதாபாத்திரங்களாக்கி, அவர்கள் பேசாத சொல்லைப் பேசவைத்து, செய்யாத செயலைச் செய்யவைத்துக் காட்டுவது பொய்யுரைத்தலாகுமா, ஆகுமாயின் அந்தப் பொய் எந்த எல்லைவரை மன்னிக்கத்தக்கது என்னும் வினா, அரசர்களும் துறவிகளும் போர்வீரர்களும் அன்றாடம் வீட்டுக்கு வீடு தொலைக்காட்சித் திரையில் தோன்றிப் பேசுகிற இக்காலத்தில், கலை விமரிசகருக்கு மட்டும் உரியதாக இருக்க முடியாது. அது தருமத்தைச் சார்ந்த வினா. இல்வாழ்வான் பேணவேண்டியவர்களை எண்ணப் புகுந்த வள்ளுவர், மறைந்த முன்னோராகிய தென்புலத்தாரையே முதலில் வைத்தார். அவருடைய காலத்துக்கு முன்னும் பின்னும் இந்நாட்டில் பித்ரு ருணம் என்றொரு கடன் ஒப்புக்கொள்ளப்பட்டு வந்திருக்கிறது. எள்ளும் நீரும் இறைப்பதோடு அக்கடன் தீர்ந்துவிடுமா? மறுத்துப் பேச வாயில்லாத அவர்களைப் பற்றி நாம் என்ன பேசுகிறோம் என்பதும் அக்கடனைச் சேர்ந்ததே என்பது என் துணிபு.

மேனாட்டார் ரோமாபுரியின் கிளாடியேட்டர்களை, அதாவது அரங்கில் வாளேந்திப் பொருத அடிமை வீரர்களை, வைத்துப் படமும் தொடரும் எடுக்கும்போதெல்லாம் அங்குள்ள சரித்திர ஆசிரியர்கள் பிழைகளை எடுத்துக்காட்டுவது வழக்கம். 2000ஆம் ஆண்டில் வெளிவந்த ‘கிளாடியேட்டர்’ திரைப்படத்தில் கொம்மோடஸ் சக்கரவர்த்தி அரங்கின் மணலில் கதாநாயகன் கையால் மடிகிறான். உண்மையில் அவன் 192ஆம் ஆண்டின் கடைசி நாளில் நார்சிசஸ் என்னும் மல்லனால் கழுத்து நெரிக்கப்பட்டு இறந்தான். சாகப்போகிறவர்கள் உம்மை வணங்குகிறோம் என்று வீரர்கள் அரசனைப் பார்த்து முழங்குவதும் திரையில் மாறாத வழக்கம். கிளாடியஸ் சக்கரவர்த்தியின் காலத்தில் ஓர் ஏரியில் நடந்த கப்பற்போர் விளையாட்டிலே, மரண தண்டனை பெற்றவர்கள் அவ்வாறு கூறியதாக ஒரு செய்தி உண்டேயன்றி, அது அரங்கின் நியமமாக இருந்ததற்குச் சான்றில்லை. இவையெல்லாம் என் மனத்தில் சிறு பிழைகளே. ரோமாபுரியில் முதன்முதலாக இப்போர் கி.மு. 264இல், புரூட்டஸ் பேரா என்பவருடைய ஈமச் சடங்கில், அவருடைய புதல்வர்களால், இறந்த தந்தைக்குச் செலுத்தும் கடனாக நடத்தப்பட்டது என்ற செய்தி திரைக்கு வருவதில்லை. இரத்தம் வருகிறது, அந்த இரத்தத்தைச் சிந்தியவர்களின் நம்பிக்கை வருவதில்லை. நான் பெரிதாகக் கருதும் பிழை இதுதான்.

அந்த ரோமாபுரியோடு வாணிகத் தொடர்பு கொண்டிருந்த கடற்கரை நம்முடையது; மாமல்லபுரத்துக்குத் தெற்கே, பாலாறு கடலோடு கலக்கும் இடத்துக்கு அருகிலுள்ள வசவசமுத்திரத்தில் அகழ்ந்தபோது, அந்நாட்டுச் சாடிகளின் உடைந்த துண்டுகள் கிடைத்தன. ஆயினும் தமிழ் வாசகனுக்கு இவ்வினா எழ வேண்டிய இடம் மாமல்லபுரந்தான். ஏனெனில், இன்று அவ்வூருக்குச் செல்லும் தமிழர்களுள் பலர், தம் கண்முன் நிற்கும் பாறைகளைக் கல்கியின் கண்களாலேயே காண்கிறார்கள். 1940களில் அவர் தொடராக எழுதிய ‘பார்த்திபன் கனவு’, ‘சிவகாமியின் சபதம்’ என்னும் இரு நாவல்களும், அவற்றுள் முன்னது 1960இல் திரைப்படமாக வந்ததும், பல்லவ அரசர்களாகிய மகேந்திரவர்மரையும் நரசிம்மவர்மரையும் மறதியிலிருந்து மீட்டுத் தமிழர் இல்லந்தோறும் கொண்டுவந்து சேர்த்தன. ஆயனச் சிற்பி இருந்த காடு எது, சிவகாமி ஆடிய இடம் எது என்று கேட்கிறவர்களை அங்கே இன்றும் காணலாம். நரசிம்மவர்மர் 642ஆம் ஆண்டளவில் வாதாபியை வென்றது கல்வெட்டினால் உறுதிப்பட்ட செய்தி. ஆயனரும் சிவகாமியும் நாகநந்தியும் ஆசிரியரின் மனத்திலே பிறந்தவர்கள். இரண்டும் ஒரே நூலில் பின்னிக் கிடப்பதால், எது கல், எது கற்பனை என்று பிரித்தறியாமல் ஒரு தலைமுறையே வளர்ந்திருக்கிறது.

இதனால் கல்கி பொய்யுரைத்தார் என்று கூறுவது பேதைமை. நாடகம் பொய்யா மெய்யா என்னும் ஆராய்ச்சியை நம் நாட்டு ஆசாரியர்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே மிக நுட்பமாகச் செய்திருக்கிறார்கள். காச்மீரத்தைச் சேர்ந்த ஸ்ரீசங்குகர், சித்திர துரக நியாயம் என்ற ஒன்றை வகுத்ததாக அபிநவகுப்தர் கூறுகிறார். சுவரில் எழுதிய குதிரையைக் காண்கிறவன், இது மெய்யான குதிரை என்றும் எண்ணுவதில்லை, குதிரையே அன்று என்றும் எண்ணுவதில்லை, இதுவோ அதுவோ என்று ஐயுறுவதும் இல்லை, குதிரையைப் போன்றது என்று ஒப்புமை கண்டு நிற்பதும் இல்லை. இந்நான்கிலும் சேராத வேறொரு ஞானத்தால் அதைக் குதிரையென்றே ஏற்கிறான். நடனிடத்தில் இராமனைக் காண்பதும் அவ்வகையானதே என்பது அவர் கொள்கை. காண்கிறவனும் காட்டுகிறவனும் இந்த ஒப்பந்தத்தில் நிற்கும் வரையில், நாடகத்தில் பொய் என்ற தோஷம் ஏற்படுவதில்லை.

ஒப்பந்தம் முறியும்போதுதான் பாவம் பிறக்கிறது. சைவ சித்தாந்தம் அறிவுக்குரிய வாயில்களைக் காட்சி, கருதல், உரை என்று அளவைகளாக வகுக்கிறது. பழைய கதைசொல்லி நமக்கு அளித்தது உரையளவை. சொல்லுகிறவர் யார், எக்காலத்தவர், எந்த நம்பிக்கையில் நின்று சொல்லுகிறார் என்பதையெல்லாம் எடைபோட்டுக் கொள்ளும் சுதந்திரம் கேட்பவனுக்கு இருந்தது. மாமல்லபுரத்திலேயே, பாண்டவரோடு யாதொரு தொடர்பும் இல்லாத ஒற்றைக்கல் கோயில்களை ஊரார் பஞ்ச பாண்டவர் ரதம் என்று அழைத்தார்கள். அதனால் யாருக்கும் தீங்கு நேர்ந்ததில்லை, பிற்காலத்து ஆராய்ச்சிக்கும் அது தடையாகவில்லை. இன்றைய திரையோ காட்சியளவையின் வேஷத்தைப் பூண்டு வருகிறது. கண்ணாலேயே கண்டேன் என்று மனம் நம்பிவிடும்படி ஆடையும் அணியும் குருதியும் அமைத்து, போதாததற்கு உண்மை வரலாறு என்ற விருதையும் நெற்றியில் எழுதிக்கொள்ளுகிறது. சித்திரக் குதிரையை லாயத்துக் குதிரை என்று விற்கும் அந்த இடத்திலே நாடகம் கலையாக இருப்பதை விட்டுவிடுகிறது.

யாருக்கு இதனால் தீங்கு என்று வினவலாம். பிறர்க்குத் தீமை பயவாத சொல்லே வாய்மை என்பது வள்ளுவர் கொள்கையாதலின், அவ்வினாவைத் தட்டிக் கழிக்க இயலாது. ‘சிவகாமியின் சபதத்’தில் வஞ்சனையின் உருவாக வரும் நாகநந்தி ஒரு பௌத்த பிக்ஷு. கல்கி பௌத்தத்தை இகழக் கருதினார் என்று நான் எண்ணவில்லை. அப்பாத்திரத்துக்குள் ஒரு பெரும் கலைத்தாகத்தையும் அவர் வைத்திருக்கிறார். ஆயினும் ஏழாம் நூற்றாண்டில் காஞ்சிக்கு வந்த சீன யாத்திரிகர் யுவான் சுவாங், அங்கே நூற்றுக்கும் மேற்பட்ட சங்காராமங்களும், அதாவது பௌத்த மடங்களும், பதினாயிரம் பிக்ஷுக்களும் இருந்ததாக எழுதி வைத்தார் என்பதையும், அவர்களுள் ஒருவருடைய முகத்தையாவது இன்றைய தமிழன் அறியான் என்பதையும் நினைக்கும்போது, அந்தப் பதினாயிரவருக்கும் பிரதிநிதியாக நம் நினைவில் நிற்பவன் நாகநந்தி ஒருவனே என்பது மனத்தை உறுத்துகிறது. சமணரின் நிலை இன்னும் நுட்பமானது. திருநாவுக்கரசரைச் சமணர் தூண்டுதலால் பல்லவன் துன்புறுத்திய வரலாற்றைச் சேக்கிழார், அது நிகழ்ந்ததாகச் சொல்லப்படும் காலத்துக்கு ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பின்னர்ப் பக்தி மேலீட்டோடு பாடினார். பக்தி நூலை அதன் பக்தியோடு ஓதுவது வேறு. அதே காட்சிகளை நேரில் படம் பிடித்தவர்போலத் திரையில் காட்டுவது வேறு. வந்தவாசியிலும் திண்டிவனத்திலும் செஞ்சியை அடுத்த மேல்சித்தாமூரிலும் தமிழ்ச் சமணர் இன்றும் வாழ்கிறார்கள். அவர்களுடைய பிள்ளைகளும் அந்தத் தொடர்களைக் காண்கிறார்கள்.

இதற்கு நேர்மையான வழியைக் காட்டியவர், நாவலில் வரும் மகேந்திரரேதாம். அவர் இயற்றிய ‘மத்தவிலாசப் பிரகசனம்’, 1917இல் திருவனந்தபுரத்தில் கணபதி சாஸ்திரியார் பதிப்பித்த பின் உலகறிந்த நூலாயிற்று. தம் சொந்தத் தலைநகரமாகிய காஞ்சியின் தெருவிலே, கபாலத்தைத் தொலைத்த காபாலிகனையும், அதைத் திருடியதாகக் குற்றஞ்சாட்டப்படும் பௌத்த பிக்ஷுவையும், நடுவராக வரும் பாசுபதனையும் நிறுத்தி, எல்லாச் சமயத்தாரின் போலித்தனத்தையும் அவர் நகைத்தார். இறுதியில் கபாலத்தைக் கவ்விச் சென்றது ஒரு நாய் என்று தெரிகிறது, பிக்ஷு குற்றமற்றவராகிறார். அரசனாகிய அவர் எந்த மடாதிபதியின் பெயரையும் இழுத்து இகழ்ந்திருக்கலாம், கேட்பார் இல்லை. ஆயினும் ஒருவரை மாத்திரம் குற்றவாளியாக்காமல் எல்லாரையும் சமமாகப் பரிகசித்தார். அதிகாரம் உள்ளவன் கலையில் கடைப்பிடிக்க வேண்டிய நியாயம் அது. இறந்தோரிடத்தில் நாம் ஒவ்வொருவரும் அதிகாரம் உள்ளவர்களே.

இனி, முன்னே நான் பெரிதென்று கூறிய பிழைக்கு வருகிறேன். மாமல்லபுரத்து ஆதிவராகர் குகைக்கோயிலில் இரண்டு அரசர்களின் உருவங்கள் புடைப்பாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. மேலே சிம்மவிஷ்ணு என்றும் மகேந்திரர் என்றும் பொருள்படும் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. இவர்கள் பல்லவ வம்சத்தில் அப்பெயருடைய எவர் என்பதில் ஆராய்ச்சியாளர்கள் வேறுபடுகிறார்கள். மகேந்திரர் என்று பெயர் பொறித்த அரசர் தேவியின் கையைப் பிடித்து அழைத்து நிற்கிறார். அவருடைய வலக்கை சந்நிதியின் பக்கம் சுட்டுகிறது. பிற்காலத்தார் தம்மை எவ்வாறு நினைக்க வேண்டும் என்று அவ்வரசர்குலம் விரும்பியதோ, அதைக் கல்லே கூறிவிட்டது. குதிரை மேல் வாளோடு அன்று, மனையாளை இறைவனிடம் அழைத்துச் செல்பவராக. இன்றைய தொடர்களில் வரும் அரசர்களோ தேசம், இனம், அதிகாரம் என்று நாம் பேசுவதையே பேசுகிறார்கள்; கோயில் அவர்களுக்குப் பின்திரையாக மட்டும் நிற்கிறது.

திரௌபதி ரதம் என்று வழங்கும் சிறு கோயிலின் உட்சுவரிலே துர்க்கை நிற்கிறாள். அவள் திருவடியின் பக்கத்தில் மண்டியிட்டிருக்கும் ஒருவன் தன் தலையைத் தானே அரிந்து கொடுக்கும் நிலையில் இருக்கிறான். நாடகாசிரியன் கையில் இவன் அகப்பட்டால், ஒன்று மூடனாவான், அல்லது மாவீரனாவான். அவன் தன்னைப் பற்றி என்ன நினைத்தான்? அவன் நம்பிக்கை நம்முடையதன்று. நம்மில் பெரும்பாலோர் அச்செயலை ஏற்கவும் மாட்டோம். ஆனால் அவனுடைய தெய்வத்தை அவனிடமிருந்து பறித்துவிட்டு அவன் வாளை மட்டும் காட்டுவது, ரோமாபுரியின் அரங்கிலிருந்து ஈமக்கடனைப் பறித்துவிட்டு இரத்தத்தை மட்டும் காட்டுவதற்கு ஒப்பாகும். உடையில் நேரும் பிழையை ஒரு தையற்காரர் திருத்திவிடலாம்; ஆன்மாவில் செய்த பிழையைத் திருத்த ஆளில்லை.

கற்பனை மெய்ப்பெயரை மறைத்த செய்தி ஒன்றும் அவ்வூரிலேயே உண்டு. மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரியில், ஒரு பாறையின் மேல் சில பெயர்கள் பொறித்துக் கிடக்கின்றன: கேவாத பெருந்தச்சன், குணமல்லன், கொல்லன் ஸேமகன் முதலியன. இவை மாமல்லபுரத்துத் திருப்பணியில் ஈடுபட்ட சிற்பிகளின் பெயர்கள் என்று அறிஞர் கருதுகின்றனர். ஆயனரை அறியாத தமிழ் வாசகன் அரியன்; கேவாத பெருந்தச்சனை அறிந்தவனோ அவனினும் அரியன். கற்பனைச் சிற்பிக்கு இதயத்தில் இடம் கொடுத்த நாம், உளி பிடித்த மெய்ச் சிற்பிக்கு நாவிலும் இடம் கொடுக்கவில்லை. இது நாவலாசிரியரின் குற்றமன்று. கதையோடு நின்றுவிட்ட நம்முடைய குற்றம்.

ஆகையால் நாடகம் வேண்டாம் என்பது என் முடிவன்று. கல்கி எழுதியிராவிட்டால் பல்லவர் பெயரையே பலர் அறிந்திருக்கமாட்டார்கள். சரித்திரத் தொடர் எடுப்போர் கற்பனை செய்யட்டும். ஆனால் எது சான்றுடையது, எது தம் சிருஷ்டி என்பதைத் தொடக்கத்திலேயே வெளிப்படையாகக் கூறட்டும். சான்றில்லாத பழியை மெய்ப்பெயருடைய மனிதன் மேலோ, பதில் சொல்ல வழித்தோன்றல் இல்லாத சமயத்தின் மேலோ சுமத்தாதிருக்கட்டும். இறந்தவர்களுக்கு அவர்களுடைய தெய்வங்களைத் திருப்பிக் கொடுக்கட்டும். காண்கிற நமக்கும் ஒரு கடமை உண்டு. அடுத்த முறை கடற்கரைக் கோயிலுக்குச் செல்லும் அன்பர்கள், சிவகாமியை நினைத்த பின், சற்றே மேற்கே பூஞ்சேரி வரை நடந்து, அந்தப் பாறையிலுள்ள பெயர்களைத் தம் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டுவார்களாக.