துடைப்பத்தோடு போன அக்கா



அப்பர் குருபூசை வந்தால் எல்லாரும் அப்பரைப் பற்றித்தான் பேசுவோம். எனக்கு அவருடைய அக்கா திலகவதியாரைப் பற்றிப் பேச ஆசை.

சேக்கிழார் பெரியபுராணத்தில் சொல்லும் வரிசையைப் பாருங்க. திருவாமூரில் ஒரு வீடு. அப்பா புகழனார் இறக்கிறார். பின்னாலேயே அம்மா மாதினியாரும் போய்விடுகிறார். அக்காவுக்கு மணம் பேசியிருந்த கலிப்பகையார் போரில் மாண்ட செய்தியும் வருகிறது. இனி வாழ வேண்டாம் என்று அக்கா முடிவெடுக்கிறார். தம்பி மருள்நீக்கியார் அப்போது சின்னப் பிள்ளை. அவர் தத்துவம் எதுவும் பேசலை. காலில் விழுந்து அழுகிறார். நீங்க இருக்கீங்கன்னுதான் நான் இருக்கேன், நீங்க போறதா இருந்தா நான் முந்திப் போயிடுவேன் என்கிறார். தம்பிக்காக அக்கா உயிரோடு இருந்தார்.

பல வருஷம் கழித்து தம்பிக்குச் சூலை நோய். இதற்குள் அவர் வேறு சமயத்துக்குப் போய் அங்கே பெரிய பேர் வாங்கியிருந்தார். எதற்கும் வலி அடங்காமல், இரவோடு இரவாகத் திருவதிகை வந்து அக்கா காலில் விழுகிறார். ஏன் போனாய் என்ற கேள்வியே இல்லை. ஐந்தெழுத்து ஓதித் திருநீறு கொடுக்கிறார். விடியுமுன் துடைப்பமும் சாணத் தோண்டியும் எடுத்துக்கொண்டு, தினமும் போகிற கோயில் தொண்டுக்குத் தம்பியையும் கூட்டிக்கொண்டு போகிறார். எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான். அங்கேதான் தம்பி முதல் பதிகம் பாடினார், சூலையும் தீர்ந்தது.

நான் சிவில் பொறியியல் மாணவன். கான்கிரீட் ஊற்றினால் முட்டுக்கால்களை உடனே எடுக்க மாட்டோம். பலத்தை முடிவாகச் சோதிப்பது 28-ஆம் நாளில்தான். நம்ம வீட்டுத் துக்கத்தில் மட்டும் 16-ஆம் நாள் படையல் முடிந்ததும் எல்லா முட்டும் கழன்றுவிடுது. என் வகுப்புத் தோழன் ஒருவன் சாலை விபத்தில் அப்பாவை இழந்தான். 17-ஆம் நாள் விடுதி அறையில் தனியா உட்கார்ந்திருந்தான். போனில் வந்த ஆறுதலைக் காட்டினான்: "எல்லாம் கர்மா." கர்மா உண்மைதான். அதை அழுகிறவன் தலையில் போட நமக்கு யார் உரிமை கொடுத்தது?

திருநீறு மட்டும் போதுமான்னு கேட்பீங்க. நாள்கணக்கில் தூக்கம் இல்லை, சாகணும்னு பேச்சு வருதுன்னா, உடனே டாக்டரிடம் கூடவே போங்க. சுகாதார அமைச்சின் 15555 எண் இருக்கு. கோலாலம்பூரில் பிஃப்ரெண்டர்ஸ் 1970-லிருந்து காது கொடுத்துக் கேட்கிறாங்க. போலீஸ் வரும்னு பயந்து மறைக்க வேண்டாம். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய 309-வது பிரிவு 2023-லேயே நீக்கப்பட்டாச்சு.

வர்ற ஞாயிறு எங்க கோயிலில் கோத்தோங் ரோயோங். தோழனைக் கூப்பிட்டேன். பேசுற மூட் இல்லைடா என்றான். பேச வேணாம், மண்டபம் கழுவ ஆள் பத்தலைன்னேன். வர்றானாம்.