பத்து நாள் தொண்டு

அறம் செய்ய விரும்பும் உள்ளம் ஒன்றே போதுமா, அன்றி அந்த அறம் சென்று சேரும் இடத்தையும் ஆராய்தல் வேண்டுமா என்பது மிகப் பழைய வினா. சென்ற குளிர்காலத்தில் அவ்வினா நாகபுரியில் எங்கள் வீட்டுக் கூடத்திலேயே எழுந்தது.

எங்கள் அரசுக் குடியிருப்பில் அடுத்த வீட்டில் வாழ்வோர் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த கிறித்தவக் குடும்பத்தினர். அவ்வீட்டு அம்மையாரின் அண்ணன் மகள் அமெரிக்காவில் பிறந்து வளர்ந்த கல்லூரி மாணவி. விடுமுறைக்கு அத்தை வீட்டிற்கு வந்திருந்த அப்பெண், தன் திருச்சபை இளைஞர் குழுவோடு ஹோண்டுராஸ் நாட்டிற்கு ஊழியப் பயணம் சென்று வந்த படங்களை எங்களுக்குக் காட்டினாள். பத்து நாள் பயணம். ஒரு சிற்றூர்ப் பள்ளியின் சுவர்களுக்கு வண்ணம் பூசினார்கள்; சிறுவர்களுக்குப் பாட்டும் வேதாகமக் கதையும் சொல்லிக் கொடுத்தார்கள்; இறுதி நாளில் கண்ணீரோடு விடைபெற்றார்கள். அனைத்தையும் கேட்டுக்கொண்டிருந்த எங்கள் இளைய மகன், "ஏன் அக்கா, அந்த ஊரில் பெயிண்ட் அடிக்க ஆளே இல்லையா?" என்றான். நாங்கள் அவனை அதட்டினோம். அப்பெண் சிரிக்கவும் இல்லை, சினக்கவும் இல்லை. "இருந்தார்கள் தம்பி. எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்" என்றாள்.

அந்த விடையில் இருந்த நேர்மை எங்களை விட்டு நீங்கவில்லை. அதனை ஒட்டியே இக்கட்டுரை.

இத்தகைய பயணங்கள் இன்று பெருகியுள்ளன. குறுகிய கால ஊழியத்திற்காக வெளிநாடு செல்லும் அமெரிக்கக் கிறித்தவர்கள் ஆண்டுக்கு ஏறத்தாழ 16 இலட்சம் பேர் என்று சமூகவியல் அறிஞர் ராபர்ட் வுத்நோ இந்நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் மதிப்பிட்டார். அதே ஹோண்டுராஸ் நாட்டில் நிகழ்ந்த ஆய்வொன்றும் கருதத்தக்கது. 1998ஆம் ஆண்டு மிட்ச் என்னும் கடும்புயல் நடு அமெரிக்காவைத் தாக்கிப் பத்தாயிரத்திற்கும் மேற்பட்டோரைக் கொன்றது. வீடிழந்தோர்க்கு வீடு கட்டித்தர வட அமெரிக்கத் திருச்சபைக் குழுக்கள் பல விரைந்தன. அந்நாட்டில் நெடுங்காலம் வாழ்ந்த பேராசிரியர் கர்ட் வெர் பீக், 2006இல் அதன் பயனை ஆராய்ந்து எழுதினார். பயணச் செலவையும் சேர்த்தால், வந்த குழுக்கள் கட்டிய வீடு ஒன்றுக்கு ஏறத்தாழ 30,000 டாலர் ஆயிற்று. உள்ளூர்த் தொண்டு நிறுவனங்கள் கட்டிய வீட்டிற்கோ ஏறத்தாழ 2,000 டாலர். ஒரு வீட்டின் விலையில் பதினைந்து வீடுகள்! வெளிநாட்டார் கட்டிய வீட்டில் குடியேறியவர்க்கும் உள்ளூரார் கட்டிய வீட்டில் குடியேறியவர்க்கும் வாழ்வில் வேறுபாடு காணப்படவில்லை. சென்று வந்தவர்கள் தம் வாழ்வே மாறிவிட்டது என்றார்கள். ஆனால் அவர்கள் அதன்பின் வழங்கிய நன்கொடைக் கணக்கோ பெரிதும் மாறவில்லை.

பயணப்படிப் பட்டியல்களைச் சரிபார்த்தே இருபது ஆண்டுகளைக் கழித்த எங்களைப் போன்ற எழுத்தர்க்கு இக்கணக்கு உடனே விளங்கும். ஆயினும் கணக்கோடு வழக்கை முடித்துவிடுதல் முறையன்று. மறுபக்கத்தையும் கேட்டல் வேண்டும். அந்த 30,000 டாலர் ஏதோ ஒரு பெட்டியில் ஏழைகளுக்கென்று காத்திருந்த பணம் அன்று. மகள் போகிறாள் என்பதற்காகத் தந்தை கொடுத்தார். பேரன் போகிறான் என்பதற்காகப் பாட்டி கொடுத்தாள். பயணம் இல்லையேல் பணமும் இல்லை. மேலும், கண்புரை அறுவை செய்யும் மருத்துவர் ஒருவர் பத்தே நாளில் பலருக்குப் பார்வை தந்து திரும்பலாம். நாள் குறைவு என்பதே குற்றம் ஆகாது. இளமையில் ஒருமுறை வறுமையை நேரிற் கண்ட கண், பின்னர் வாழ்நாளெல்லாம் அதனைத் தேடிச் செல்லவும் கூடும்.

அவ்வாறாயின் பிழை எங்கே உள்ளது? பார்த்துக்கொண்டு நின்றவர்களிடம் கேட்டால்தான் அது தெரியும். நம் அலுவலகங்களுக்குத் தலைமையகத்திலிருந்து மேலதிகாரி ஆய்வுக்கு வருவதை நாம் அறிவோம். அவர் நல்லவராகவே இருக்கலாம். எனினும் ஒரு வாரத்திற்கு முன்பே நம் வேலை நின்றுவிடுகிறது. கோப்புகளைத் துடைக்கிறோம், உணவுக்கும் ஊர்திக்கும் அலைகிறோம், அவர் மகிழ்ந்து திரும்புவதே நம் கடமையாகி விடுகிறது. விருந்தினர் குழு வரும் சிற்றூரின் போதகரும் பள்ளி ஆசிரியரும் இதே நிலையில்தான் நிற்கின்றனர். வந்தவர்க்கு மொழி தெரியாது. இவர்கள் மொழிபெயர்க்க வேண்டும். வந்தவர்க்கு உள்ளூர் நீர் ஒவ்வாது; இவர்கள் நீர் தேட வேண்டும். வந்தவர் வண்ணம் பூசுகையில் ஊர்த் தொழிலாளி தன் கூலியை இழந்து கைகட்டி நிற்க வேண்டும். இறுதியில் நன்றி கூற வேண்டியவரும் இவரே. உதவி எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கம் சென்றது?

பிறரைக் குறை கூறுமுன் நம் கையையும் பார்த்துக்கொள்ளுதல் நேர்மை. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை நாகப்பட்டினத்தை அழித்தபோது, இங்கே பணிக்கு வந்து இரண்டாம் ஆண்டிலிருந்த நாங்களும் நண்பர்களும் வீடு வீடாகச் சென்று பழந்துணி திரட்டினோம். மூட்டை மூட்டையாக அனுப்பினோம். அன்றிரவு நன்றாக உறங்கினோம் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் சென்ற பழந்துணிகள் அங்கே சாலையோரங்களில் மலையாகக் குவிந்து, எடுப்பாரின்றிக் கிடந்த செய்தியைப் பின்னரே அறிந்தோம். அனைத்தும் இழந்தாலும் பிறர் உடுத்திக் கழித்ததை உடுத்த அம்மக்களுக்கு மனம் வரவில்லை. நாங்கள் கொடுத்தோம், ஆனால் எது வேண்டும் என்று கேட்கவில்லை. 2015இல் சென்னை வெள்ளத்தில் மூழ்கியபோது முதலில் தொலைபேசியில் கேட்டோம். பாயும் வாளியும் வேண்டும் என்றார்கள். எங்கள் மனத்தில் தோன்றியிராத பொருள்கள் அவை!

கிறித்தவ ஊழியத்தின் வரலாற்றிலேயே இதற்கு ஒரு விடை உண்டு. 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு, கற்பிக்க வந்தவர். ஆனால் முதலில் தமிழ்ச் சிறுவர்களோடு அமர்ந்து மணலில் எழுத்துப் பழகி மாணவரானார். 1719இல் இறக்கும் வரை அவர் பணி பெரும்பாலும் இம்மண்ணிலேயே நடந்தது. திருநெல்வேலிச் சீமையில் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா, தெலுங்கு கற்று தோர்ணக்கல்லில் தொண்டாற்றியவர். ஆங்கிலிக்கத் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயராக 1912இல் உயர்ந்தவர். அவர் 1910இல் எடின்பரோ நகரில் கூடிய உலக அருட்பணி மாநாட்டில், மேலை நாட்டாரின் ஈகையையும் தியாகத்தையும் மனமாரப் போற்றிவிட்டு, அவற்றோடு ஒன்றை வேண்டினார். அவர் வேண்டியது பொருளன்று, நட்பு. ஈகையில் ஒரு கை மேலே, ஒரு கை கீழே. நட்பில் இரு கைகளும் ஒரே மட்டத்தில் நிற்கும். திருக்குறளும் ஒப்புரவறிதலுக்கு ஓர் அதிகாரமும் ஈகைக்கு ஓர் அதிகாரமும் தனித்தனியே வகுத்திருத்தல் காண்க.

வேற்று மொழி நிலத்தில் வாழவந்த நமக்கு இது ஏட்டுச் செய்தி அன்று. இந்நகருக்கு வந்த புதிதில் காய்கறிகளின் மராத்திப் பெயர்களைக் கற்றுத்தந்த பக்கத்து வீட்டுப் பெண்மணி எங்களுக்குப் பணம் தரவில்லை. எங்களிடம் சாம்பார் செய்யக் கற்றுக்கொண்டார். அதனால் நாங்கள் அவர் முன் சிறுமையுறவில்லை.

ஆகவே, இளைஞர் செல்லட்டும். ஆனால் தொண்டு செய்யப் போகிறோம் என்னும் பெயரை நீக்கி, கற்கப் போகிறோம் என்னும் பெயரைச் சூட்டிக்கொள்ளட்டும். அப்பெயர் மாறினால் பிறவும் மாறும். செல்லுமுன் மொழி பயில்வார்கள்; எது வேண்டும் என்று கேட்பார்கள்; ஊர்த் தொழிலாளிக்கு உரிய கூலி கொடுத்து அவர் சொற்படி சுவர் பூசுவார்கள்; விடைபெறும்போது நன்றி கூறுபவர்களும் அவர்களாகவே இருப்பார்கள்.

ஊர் திரும்பும் நாளில் அப்பெண் விடைபெற வந்தாள். எங்கள் மகன் மறுபடியும் கேட்டான்: "அக்கா, அந்த ஊர்ப் பிள்ளைகள் உங்கள் சர்ச்சுக்குப் பெயிண்ட் அடிக்க எப்போது வருவார்கள்?" அவள் சற்று நேரம் பேசாதிருந்தாள். "விசா கிடைக்காது தம்பி" என்றாள். பிறகு அத்தையைப் பார்த்து, "ஆனால் அந்தப் பள்ளியின் டீச்சர் பெயர்கூட எனக்குத் தெரியாது, அத்தை. அதையாவது நான் கேட்டிருக்கலாம்" என்றாள்.

இம்முறை நாங்கள் மகனை அதட்டவில்லை.