குழந்தைப் புற்றுநோயும் நிலையான தர்மமும்: ஜும்ஆ உரை

புகழனைத்தும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் தலைவர் முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாகட்டும்.



ஜும்ஆ முடிந்து போகும்போது வாசலில் ஒரு துண்டை விரித்து, "இந்தப் பிள்ளைக்கு ரத்தப் புற்றுநோய், சென்னைக்குக் கொண்டு போகணும்" என்று அறிவிப்புச் செய்தால், நம் மக்கள் பையில் இருப்பதைப் போட்டுவிட்டுத்தான் செருப்பைத் தேடுவார்கள். தீப்பெட்டி ஆபீஸுக்குக் கூலிக்குப் போகிறவர்கூட அன்றைய கூலியில் ஒரு பங்கை அதில் போடுவார். மழை பொய்த்த வருஷங்களிலும் இந்தக் கரிசல் பூமியில் இந்தப் பழக்கம் குறைந்ததில்லை. அல்லாஹ் அந்தக் கைகளுக்கு பரக்கத் செய்வானாக.

இன்று பேச வந்தது அந்தத் துண்டில் விழாத ஒரு தர்மத்தைப் பற்றி. சென்னையில் அந்தப் பிள்ளைக்கு டாக்டர் மருந்து ஏற்றுகிறார். அந்த மருந்தை யார் கண்டுபிடித்தார்? இந்தப் பிள்ளையின் எடைக்கு இவ்வளவுதான், இந்த வரிசையில்தான் கொடுக்க வேண்டும் என்று யார் கணக்குப் பார்த்தார்? அவர்கள் அதைத் தேடிக்கொண்டிருந்த வருஷங்களில் அந்தச் செலவை யார் சுமந்தார்கள்?

மருந்தை இறக்கியவன் அல்லாஹ்

எந்த நோயை அல்லாஹ் இறக்கினாலும் அதற்கான நிவாரணத்தையும் இறக்கியே இருக்கிறான் என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னதாக புகாரியில் வருகிறது. இந்த ஹதீஸ் நம் எல்லோருக்கும் தெரியும். இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் வழியாக முஸ்னத் அஹ்மதில் வரும் அறிவிப்பில் கூடுதலாக ஒரு செய்தி இருக்கிறது. அந்த மருந்தை அறிந்தவர் அறிந்திருக்கிறார், அறியாதவர் அறியாதிருக்கிறார் என்று பெருமானார் (ஸல்) அவர்கள் சேர்த்துச் சொல்கிறார்கள். மருந்து பூமியில் இருக்கிறது. அதை அறிவது மனிதனின் வேலை என்றாகிறது. கிராமத்து அரபிகள் வந்து, நாங்கள் வைத்தியம் செய்துகொள்ளலாமா என்று கேட்டபோது, செய்துகொள்ளுங்கள் என்றே பெருமானார் (ஸல்) அவர்கள் பதிலளித்தார்கள். அபூதாவூதிலும் திர்மிதியிலும் இது பதிவாகியிருக்கிறது. பிள்ளைக்கு வந்ததை ஜின் என்றும் கண்ணேறு என்றும் சொல்லி மாதக்கணக்கில் அலைக்கழிப்பவர்கள் இந்த ஹதீஸை ஒரு தடவை நிதானமாகப் படிக்க வேண்டும். ஓதிப் பாருங்கள், தாராளமாக ஓதுங்கள். ஆஸ்பத்திரிக்குப் போகிற பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டே ஓதுங்கள்.

நம் கபர்ஸ்தான் ஓரத்திலும் வேலி ஓரத்திலும் தானாகப் பூத்து நிற்கும் நித்தியகல்யாணியை எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள். சுடுகாட்டு மல்லி என்று ஒதுக்குவார்கள். ஆடு மாடு வாய் வைக்காது. 1950களில் கனடாவில் நோபிள், பீர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அந்தச் செடியின் இலையைச் சோதித்தார்கள். சர்க்கரை நோய்க்கு அது மருந்தாகும் என்று நாட்டு வைத்தியத்தில் கேள்விப்பட்டிருந்தார்கள். சர்க்கரை குறையவில்லை, ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் குறைந்தன. ரத்தப் புற்றுநோய் என்பது கெட்டுப்போன வெள்ளை அணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகுவது. அப்படியானால் இது வேறு எதற்கோ உதவும் என்று பிடித்துக்கொண்டார்கள். அந்தச் செடியிலிருந்து வின்பிளாஸ்டின் கிடைத்தது. சில ஆண்டுகளில் வேறு ஆய்வாளர்கள் வின்கிரிஸ்டினையும் எடுத்தார்கள். உலகில் எந்த நாட்டில் ஒரு குழந்தைக்கு ரத்தப் புற்றுநோய் சிகிச்சை தொடங்கினாலும், அநேகமாக முதல் வாரத்திலேயே வின்கிரிஸ்டின் ஏற்றப்படும். அதில் ஒரு கிராம் எடுக்க நூற்றுக்கணக்கான கிலோ காய்ந்த இலை வேண்டும். நம் தென் மாவட்டங்களில் மானாவாரியாகவே இந்தச் செடியைப் பயிரிட்டு இலையும் வேரும் வெளியே அனுப்பியிருக்கிறார்கள்.

தேடப் போனது ஒன்று, கிடைத்தது வேறு. ஆய்வுக்குப் பணம் கொடுப்பவர் இதைப் புரிந்துகொள்ள வேண்டும். ஆப்பரேஷனுக்குக் கொடுத்தால் ஆப்பரேஷன் நடந்ததா என்று கேட்கலாம். தேடலுக்குக் கொடுத்தவர் அப்படிக் கணக்குக் கேட்டால் தேடல் நின்றுபோகும்.

காக்கிநாடாவில் ஓர் உயில்

ஆந்திராவின் பீமவரத்தில் 1895ல் பிறந்தவர் எல்லாப்பிரகடா சுப்பாராவ். உடன்பிறந்தோர் இருவரை நோய்க்குப் பறிகொடுத்தவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தார். மேற்படிப்புக்கு அமெரிக்கா போக ஆசை, கையில் காசில்லை. காக்கிநாடாவில் மல்லாடி சத்தியலிங்க நாயக்கர் என்ற செல்வந்தர், பர்மாவில் ஈட்டிய சொத்தைத் தர்மத்துக்கு எழுதி வைத்து 1915ல் இறந்துபோயிருந்தார். அந்தத் தர்ம நிதி உதவுவதாக வாக்களித்தது. மாமனாரும் கொஞ்சம் திரட்டிக் கொடுத்தார். 1922ல் சுப்பாராவ் பாஸ்டனில் போய் இறங்கினார்.

கால் நூற்றாண்டு கழித்து, அவர் தலைமையில் நடந்த ஆய்வுக்கூடத்திலிருந்து அமினோப்டெரின் என்ற மருந்து வெளிவந்தது. அதை பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் என்ற டாக்டர் ரத்தப் புற்றுநோய் முற்றிய 16 குழந்தைகளுக்குக் கொடுத்தார். 10 பேர் தேறினார்கள். சில மாதங்கள்தான், நோய் திரும்பி வந்துவிட்டது. ஆனாலும் அதுவரை அந்த நோய் வந்த பிள்ளை எழுந்து உட்கார்ந்ததை எந்த டாக்டரும் பார்த்ததில்லை. 1948ல் அந்த முடிவுகள் வெளியாயின. அதே ஆண்டு மே மாதம் பாஸ்டனில் ஒரு நோயாளிச் சிறுவனின் குரலை வானொலியில் கேட்ட மக்கள் அனுப்பிக் குவித்த பணம் 2,31,000 டாலருக்கு மேல். ஜிம்மி நிதி என்ற பெயரில் இன்றும் அது நடக்கிறது. சுப்பாராவ் அந்த ஆண்டே இறந்துவிட்டார். அமினோப்டெரினின் தம்பி என்று சொல்லத்தக்க மெத்தோட்ரெக்ஸேட் இன்றும் குழந்தைகளுக்குக் கொடுக்கப்படுகிறது.

சத்தியலிங்க நாயக்கர் ரத்தப் புற்றுநோய் என்ற பெயரையாவது கேள்விப்பட்டிருப்பாரா, தெரியாது. மனிதன் இறந்தபின் அவனைத் தொடர்ந்து வரும் மூன்றை நபி (ஸல்) அவர்கள் எண்ணிச் சொன்னார்கள்: நிலைத்து ஓடும் தர்மம், பயன் தரும் கல்வி, துஆ செய்யும் நல்ல பிள்ளை. முஸ்லிம் கிரந்தத்தில் இது வருகிறது. மருத்துவ ஆய்வுக்குக் கொடுக்கும் பணத்தில் முதலிரண்டும் ஒன்றாகச் சேர்ந்துவிடுகின்றன. பிழைத்த பிள்ளையின் தாய் கையேந்தும்போது மூன்றாவதிலும் ஒரு பங்கு கிடைக்கும் என்று நாம் அல்லாஹ்விடம் ஆதரவு வைக்கலாம்.

அடையாறில் நடந்தது

இனி நம் தமிழ்நாட்டுக்கு வருவோம். புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை புற்றுநோயில் இறந்தார். அந்தத் துக்கத்தை அவர் முப்பது வருஷம் சுமந்தார். புற்றுநோய் வந்தால் சாவுதானே, அதற்கு எதற்குத் தனி ஆஸ்பத்திரி என்று கேட்ட காலம் அது. இந்திய மாதர் சங்கத்தின் மூலம் வீடு வீடாக நிதி திரட்டி, 1954ல் அடையாறில் 12 படுக்கைகளோடு ஒரு மருத்துவமனையைத் தொடங்கினார். அவர் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், அடுத்த ஆண்டு வந்து சேர்ந்த டாக்டர் சாந்தாவும் அதை வளர்த்தார்கள். சாந்தா அம்மையார் 2021 ஜனவரியில் மறையும் வரை அந்த வளாகத்திலேயே வாழ்ந்தவர். 2005ல் மகசேசே விருது பெற்றவர்.

1970களில் நம் நாட்டின் பெரிய புற்றுநோய் மருத்துவமனைகளிலேயே ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளில் நூற்றில் இருபது பேர்கூட நோய் திரும்பாமல் நிலைத்து நிற்கவில்லை. மேல்நாட்டில் பயன்பட்ட அதே மருந்துகள் இங்கும் இருந்தன. ஆனால் நம் பிள்ளைகள் உடம்பில் சத்தில்லாமல், நோய் முற்றி வருகிறார்கள். மருந்தின் வேகத்தில் கிருமி தொற்றிச் சாகிறார்கள். அவர்களுக்கு எவ்வளவு, எந்த வரிசையில் என்பதை இங்கேதான் கண்டறிய வேண்டியிருந்தது. அடையாறும், மும்பை டாடா மருத்துவமனையும், டெல்லி எய்ம்ஸும் அமெரிக்க ஆய்வாளர்களோடு சேர்ந்து 1984 முதல் எம்.சி.பி. 841 என்ற ஒரே சிகிச்சை முறையைக் கையாண்டு, ஒவ்வொரு பிள்ளையின் கணக்கையும் எழுதி வைத்தார்கள். நான்கு வருஷம் கழித்து நோயின்றி இருந்தவர்கள் நூற்றுக்கு 45 முதல் 60 பேர் ஆனார்கள்.

இதற்குப் புதிய மருந்து எதுவும் தேவைப்படவில்லை. இருந்த மருந்தை நம் பிள்ளைக்கு ஏற்றபடி கொடுக்கக் கற்றுக்கொண்டார்கள், அவ்வளவுதான். அப்படிக் கற்றுக்கொள்ளவும் காசு வேண்டும். ரத்தம் சோதிக்க ஆள், பதிவேடு எழுத ஆள், சிகிச்சை முடிந்து கயத்தாறுக்கோ விளாத்திகுளத்துக்கோ திரும்பிய பிள்ளை நாலு வருஷம் கழித்து எப்படி இருக்கிறது என்று தேடிக் கேட்க ஆள். இந்தச் சம்பளங்களுக்கு யாரும் துண்டு விரிப்பதில்லை. மருந்துக் கம்பெனிக்கும் இதில் பெரிய அக்கறை இருக்காது. பெரியவர்களின் புற்றுநோயோடு ஒப்பிட்டால் குழந்தைகளின் எண்ணிக்கை குறைவு, வியாபாரம் சின்னது. உலகம் முழுக்க ஆண்டுக்கு ஏறத்தாழ 4 லட்சம் பிள்ளைகளுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் இந்த நோய் வருகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். பணக்கார நாடுகளில் நூற்றுக்கு 80 பேருக்கு மேல் குணமாகிறார்கள், ஏழை நாடுகள் பலவற்றில் 30 பேர்கூட இல்லை.

ஆய்வு என்றால் நம் ஊர்க்காரர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையம் 1901ல் இருந்து இருக்கிறது. கே என்ற எழுத்தோடு நம் காடுகளுக்கு வந்த பருத்தியும் சோளமும் அங்கே வருஷக்கணக்கில் விதைத்து, பொறுக்கி, மறுபடி விதைத்துக் கண்டவை. கரிசல்காட்டுச் சம்சாரி வீட்டில் பட்டினி கிடந்தாலும் விதைச் சோளத்தில் கை வைக்கமாட்டார். புரட்டாசியில் மழைக்கு முன்னாலேயே காய்ந்த புழுதியில் அதைப் போட்டுவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். அல்லாஹ்வின் பாதையில் செலவிடுவதற்கு பகரா அத்தியாயத்தின் 261ஆம் வசனம் காட்டும் உவமையும் ஒரு வித்துத்தான்: ஏழு கதிர், கதிருக்கு நூறு மணி.

நம் மஹல்லாவிலேயே ஏழைகள் இருக்கிறார்களே

இந்தக் கேள்வி வரும், வரவும் வேண்டும். வாடகை கட்ட முடியாத விதவை இருக்கும்போது ஆய்வுக்கூடத்துக்கு எதற்குப் பணம் என்று கேட்பவரை நான் குறை சொல்லமாட்டேன். ஆகவே சட்டத்தைத் தெளிவாகப் பிரித்துக்கொள்வோம்.

ஜகாத் எட்டு வகையினருக்கு உரியது என்று தவ்பா அத்தியாயத்தின் 60ஆம் வசனம் வரையறுத்துவிட்டது. அதை உரியவரின் கையில் சேர்த்து அவருக்கே உடைமையாக்க வேண்டும் என்று ஹனஃபி சட்ட அறிஞர்கள் நிபந்தனை வைக்கிறார்கள். அல்லாஹ்வின் பாதை என்பதைப் பொதுநலப் பணிகள் வரை விரித்துப் பேசும் அறிஞர்கள் இக்காலத்தில் உண்டு. பெரும்பான்மையினர் அதை ஏற்கவில்லை. எனவே ஜகாத்தை நோயாளிப் பிள்ளையின் ஏழைக் குடும்பத்துக்குக் கொடுங்கள். மருந்துச் செலவுக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை தாங்குகிறது. அது தாங்காதவை ரயில் செலவு, சென்னையில் அறை வாடகை, வேலைக்குப் போகாத தகப்பனின் கூலி. ரத்தப் புற்றுநோய் சிகிச்சை இரண்டு மூன்று வருஷம் ஓடும். பிள்ளை கொஞ்சம் தேறியதும், இனி முடியாது என்று பாதியில் ஊர் திரும்பும் குடும்பங்கள் உண்டு. நோய் திரும்பி வருவது அங்கேதான்.

ஆய்வுக்கு ஸதகாவையும் வக்ஃபையும் வையுங்கள். கைபரில் கிடைத்த நிலத்தை என்ன செய்வது என்று உமர் (ரலி) அவர்கள் கேட்டபோது, மூலத்தை நிறுத்தி வைத்துப் பலனைத் தர்மமாக்கலாம் என்று நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டினார்கள். அந்த வழியில்தான் நூருத்தீன் ஜங்கி 1154ல் டமாஸ்கஸிலும், சுல்தான் கலாவூன் 1284ல் கெய்ரோவிலும் மருத்துவமனைகளை எழுப்பி, அவற்றுக்கு வக்ஃபு சொத்துகளை எழுதி வைத்தார்கள். அங்கே சிகிச்சையோடு மருத்துவப் படிப்பும் நடந்தது. ஒரு எச்சரிக்கை: பள்ளிவாசலுக்கு என்று முன்னோர் எழுதி வைத்த கடை வாடகையை இதற்குத் திருப்ப முடியாது. வக்ஃபு செய்தவரின் நிபந்தனையை மாற்ற முத்தவல்லிக்கும் உரிமையில்லை. இதற்குத் தனியாகப் புதிதாகத் தொடங்க வேண்டும். நாலு பேர் சேர்ந்து ஒரு சின்னக் கடையை வாங்கி, அதன் வாடகை குழந்தைப் புற்றுநோய் ஆய்வுக்கு என்று எழுதி வைத்தாலும் போதும். கொடுக்கும் இடம் பதிவு பெற்றதா, தணிக்கை செய்த கணக்கை வெளியிடுகிறதா, குழந்தைகள் பிரிவின் ஆய்வுக்கு என்று குறிப்பிட்டு வாங்கிக்கொள்கிறதா என்று பாருங்கள்.

தாய்மார்களிடம் வீட்டில் போய்ச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. வாரக்கணக்கில் விடாத காய்ச்சல், காரணமில்லாத வெளிறல், அடிபடாமலே தோலில் நீலத் திட்டுகள், இரவில் அழவைக்கும் எலும்பு வலி, கழுத்திலோ வயிற்றிலோ கட்டி, போட்டோவில் ஒரு கண்ணின் பாப்பா மட்டும் வெள்ளையாக மின்னுவது. இவற்றில் எதைப் பார்த்தாலும் தாமதிக்காமல் அரசு மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள்.

ஜமாஅத் நிர்வாகிகள் முன் ஒரு கோரிக்கை. மாதக் கடைசி வெள்ளியில் வரும் ஸதகா உண்டியலில் பத்தில் ஒரு பங்கை, அறிவித்துவிட்டு, ஆய்வுக்கு என்று தனிக் கணக்கில் சேர்க்கலாமா என்று கூடிப் பேசுங்கள். மீதி ஒன்பது பங்கும் எப்போதும் போல நம் மஹல்லா ஏழைகளுக்கே போகட்டும். யாருக்கு மாற்றுக் கருத்து இருந்தாலும் அடுத்த வாரம் தொழுகைக்குப் பின் சொல்லலாம்.

யா அல்லாஹ்! இந்த நேரத்தில் ஊசி ஏறிய கையோடு படுத்திருக்கும் பிள்ளைகளுக்கு ஷிஃபாவைத் தருவாயாக. அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் தாய்மார்களுக்குப் பொறுமையைத் தருவாயாக. நீ இறக்கி வைத்த மருந்தைத் தேடுவோருக்கு அதன் இடத்தைக் காட்டிக் கொடுப்பாயாக. ஆமீன்.