களிம்பு பூத்த விளக்கு

என் தந்தையார் விட்டுச் சென்றதும், வயது 35-ஐக் கடந்ததுமான காரின் பின்புறத்தில், பழைய இழை பல்புகளை எடுத்துவிட்டு, சென்ற மாதம் எல்.இ.டி. பல்புகளைப் பொருத்தினேன். வண்டி நிற்கையில் நன்றாகவே எரிந்த அவை, சாலையில் ஒரு பள்ளம் வந்ததும், தூசி விழுந்த கண் இமைகொட்டுவதைப் போலப் படபடவென்று துடிக்கின்றன என்பதை, பின்னால் ஸ்கூட்டரில் வந்த மகன் சொல்லித்தான் அறிந்தேன். பல்புதான் மட்டம் என்று முடிவுகட்டி வேறொரு ஜோடி வாங்கிப் போட்டேன், அதுவும் துடித்தது.

"பல்பு மேல குத்தமில்ல சார், எர்த்து சரியில்ல. பழைய பல்பு இருந்தப்பவும் கரண்டு விட்டு விட்டுத்தான் வந்திருக்கும், உங்களுக்குத் தெரியல, அவ்வளவுதான்" என்றார் எலெக்ட்ரீஷியன். அன்றிரவு முழுவதும் அந்த வார்த்தை என்னை விடவில்லை.

விளக்குக்கு ஒரு கம்பி வழியே வரும் மின்சாரம் வண்டியின் இரும்புடம்பு வழியாகவே பேட்டரிக்குத் திரும்புகிறது. எர்த் வயர் அந்த உடம்பைத் தொடும் இடத்தில் துருவும் களிம்பும் ஏறியிருந்தால், வண்டி குலுங்குந்தோறும் தொடர்பு கணநேரம் அறுகிறது. இழை பல்பிலோ, டங்ஸ்டன் கம்பி 2,000 டிகிரி செல்ஷியஸுக்கும் மேல் காய்ந்து ஒளிர்வதால், மின்சாரம் ஒரு கணம் நின்றாலும், சேர்த்துவைத்த சூட்டைக் கொண்டே அது அந்த இடைவெளியைக் கடந்துவிடுகிறது. அன்றியும், 21 வாட் பல்பு ஏறக்குறைய 1.75 ஆம்பியர் இழுப்பதால், மெல்லிய களிம்புப் படலத்தை அந்த வேகமே உடைத்துக்கொண்டு போய்விடும். எல்.இ.டி.க்குச் சூட்டின் சேமிப்பும் இல்லை, அத்தனை மின்னோட்டமும் இல்லை; வந்தால் ஒளி, நின்றால் இருள்.

அப்படியானால் இத்தனை ஆண்டுகளாக நான் கண்ட இடையறாத செவ்வொளி, இடையறாததாக இருந்ததே இல்லை. இதைத்தானே பௌத்தர்கள் சொன்னார்கள்? முதல் யாமத்துச் சுடரும் நடு யாமத்துச் சுடரும் ஒன்றா என்று மிலிந்த மன்னனை நாகசேனர் வினவிய உரையாடலில், ஒன்றுமன்று, வேறுமன்று என்பதே முடிவு. ஒவ்வொரு கணமும் தோன்றி அழியும் விஞ்ஞானங்களின், அதாவது அறிவுக் கணங்களின், சந்தானமாகிய தொடரையே 'நான்' என்று மயங்குகிறோம் என்பது அவர்கள் சித்தாந்தம். முற்கணம் பிற்கணத்துக்கு விட்டுச் செல்லும் பதிவாகிய வாசனையை இழையில் தங்கிய சூடாகக் கொண்டால், என் பழைய பல்பே அவர்களுக்குச் சாட்சி சொல்லிவிடும். இந்த வாதத்தை எளிதில் ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை.

ஆயினும் ஒன்று கேட்கிறேன். துடிப்பைத் துடிப்பென்று கண்டது எது? ஒளிக்கணம் இருளை அறியாது; இருட்கணத்தில் ஒளியே இல்லை; 'இருந்தது, இல்லை, மீண்டும் வந்தது' என்று மூன்றையும் ஒருங்கே சொல்வதற்கு, அம்மூன்றிலும் உடனிருந்த ஓர் அறிவு வேண்டும். 'இல்லை' என்று சொல்லும் அறிவு ஒன்று உண்டாதலின் ஆன்மா உண்டு என மெய்கண்டார் சிவஞானபோதத்தின் மூன்றாம் சூத்திரத்தில் தொடங்குவதும், நினைவு என்ற ஒன்றைக் காட்டிச் சங்கரர், எல்லாம் கணநேரமே நிற்கும் என்னும் க்ஷணிக வாதத்தை மறுப்பதும் இதன்பொருட்டே. சிறுவனாகத் திண்ணையில் உட்கார்ந்து, தெருமுனையில் திரும்பும் அப்பாவின் காரை நான் அந்தச் சிவப்பைக் கொண்டே அறிவேன். இன்று பல்பும் வேறு, ஒளியின் வகையும் வேறு, ஓட்டுபவனும் வேறு; இருந்தும் 'அதே விளக்கு' என்று நெஞ்சு சொல்கிறது. வாசனை ஒன்று கைமாறி வந்தது என்றால், வந்தது பிற்கணத்தில் மட்டுமே இருக்கிறது. அதையும் இதையும் அருகருகே வைத்து ஒப்பிட்டவன் யார்?

கண்ணும் ஓர் இழை பல்புதானே என்று ஒருவர் தடை எழுப்பலாம். மிக விரைவாக இமைக்கும் ஒளியைக் கண் ஒரே ஒளியாக இணைத்துவிடுகிறது என்பது உண்மை. ஆனால் சைவ சித்தாந்தம் கண்ணைக் காண்பவனாகக் கொள்வதில்லை, அது கருவி. கருவி இடைவெளியை மூடிவிட்டது என்பதையும் இப்போது நான் அறிந்துகொண்டேனே, அந்த அறிவு கண்ணுடையதன்று.

மறுநாள் மாலை எலெக்ட்ரீஷியன் ஹோல்டரைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். பித்தளையின் உதட்டில் பச்சையாகக் களிம்பு பூத்திருந்தது. ஆன்மாவின் அறிவை மறைக்கும் ஆணவ மலத்துக்குச் செம்பிற் களிம்பை உவமை சொல்வதை எத்தனையோ முறை படித்திருக்கிறேன். அதை விரலால் தொட்டுப் பார்த்தது அன்றுதான். களிம்பு வெளியிலிருந்து வந்து ஒட்டியதன்று, செம்பு உள்ள அன்றே உடனுள்ளது என்பது சித்தாந்திகளின் துணிபு. தேய்த்தால் போகும், ஆனால் அந்தப் பொலிவு நில்லாது. பாதரசத்தால் ஆன ரசகுளிகையின் பரிசம் பட்டாலன்றி முற்றும் நீங்காது என்பார்கள். எலெக்ட்ரீஷியன் உப்புத்தாளால் தேய்க்கத் தேய்க்கப் பித்தளை பொன்போல் மின்னிற்று. எர்த் வயரின் முனையை வெட்டிப் புதிதாக முறுக்கி, இரும்பைச் சுரண்டி இறுக்கி, மேலே வாசலின் தடவினார்.

"மழை முடிஞ்சதும் ஒரு தடவை திறந்து பாருங்க சார். பச்சை மறுபடியும் பூக்கும்" என்றார்.

நான் உள்ளே உட்கார்ந்து பிரேக்கை மிதித்தேன். ஷெட்டின் பின்சுவர் முழுதும் சிவந்தது. அவர் டிக்கியின் மேல் இரு கைகளையும் ஊன்றி வண்டியைக் குலுக்கிக்கொண்டே இருந்தார். நான் கண்ணாடியில் அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். வண்டி ஆடிற்று, சுவரிலிருந்த சிவப்பு அற்றுப்போகவில்லை.